ஏணியின் இரு முனைகள்: மும்பைத் தமிழ் வீடுகளின் அன்றாட மாயம்

தாராவியின் ஏதேனும் ஒரு சந்தில் மாலை நேரத்தில் நின்றால் ஓர் அழைப்பு காதில் விழும். பள்ளிவிட்டு வரும் ஐந்து வயதுப் பேத்தியைப் பாட்டி ‘எம்மா’ என்று கூப்பிடுவார். வருபவன் பேரனாயின் ‘ஐயா’ என்பார். அழைப்பவருக்கு அறுபது வயது கடந்திருக்கும். அழைக்கப்படுபவளுக்குப் பால்பற்கள்கூட விழுந்திருக்கா. முறைப்படி பார்த்தால் இது தலைகீழ். ஆயினும் தமிழ்க் காதுக்கு இதில் பிழையேதும் தென்படுவதில்லை.

தலைகீழ் விளி என்று மொழியியலில் பேசப்படும் இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு மொழி பேசும் தாய்மாரும் பிள்ளையைத் தம்மைக் குறிக்கும் சொல்லாலேயே அழைப்பதுண்டு. தமிழில் இதனோடு வேறோர் இழையும் பின்னிக் கிடக்கிறது. பெயரன், பெயர்த்தி என்னும் சொற்களே பெயரைச் சுமப்பவர் என்னும் பொருளில் பிறந்தவை. மூத்தோரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீட்டில், அப்பெயரைச் சொல்லிக் கூப்பிட மருமகளுக்கு நா எழாது. மாமியாரின் பெயரை எப்படி உச்சரிப்பது? ஆகவே குழந்தை ‘அம்மா’ ஆகிறாள். ஒரே சொல்லில் இறந்தவள் திரும்புகிறாள், இருப்பவள் மதிக்கப்படுகிறாள், பிறந்தவள் கொஞ்சப்படுகிறாள். அன்றாட வாழ்வில் மாயம் என்று ஒன்று உண்டென்றால் அதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

அந்தச் சிறுமி பெரும்பாலும் இந்தியில் விடை சொல்வாள். பாட்டியின் தமிழ் அவளுக்கு முழுவதும் புரியும். வாயில் மட்டும் வேறு மொழி வரும். இருவரும் இரு மொழியில் பேசிக்கொள்வர். உரையாடல் எங்கும் தடைபடாது. மொழி தேய்வதன் முதல் அடையாளமாக இதைக் காண்போர் உண்டு. இன்னும் அறுபடாத இழையாகக் காண்பதற்கும் அதே அளவு நியாயம் உண்டு. எதுவாக இருப்பினும், இவ்வழைப்பு நிகழ்வதற்கு ஓர் எளிய நிபந்தனை இருக்கிறது: பாட்டியின் குரல் பேத்தியின் காதுக்கு எட்ட வேண்டும்.

புலமை உலகம் இந்தக் குரல் தொலைவைப் பெரிதாக அளந்ததில்லை. பிரபோத் பண்டிட் 1972இல் வெளியான தம் நூலில் மும்பையில் குடியேறிய குஜராத்தி மசாலா வணிகர் ஒருவரைக் காட்டினார். காய்கறிச் சந்தையில் மராத்தி, வணிக வட்டத்தில் கச்சியும் கொங்கணியும், ரயில் நிலையத்தில் இந்தி, முறையான நிகழ்ச்சிகளில் ஆங்கிலம் என்று அவர் இடத்துக்கொரு மொழி பேசுவார். இந்தியப் பன்மொழியம் பற்றிய பாடங்களில் அவ்வணிகர் இன்றும் நடமாடுகிறார். ஆயின் ‘வீட்டில் குஜராத்தி’ என்னும் பகுதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அவர் மகளை எப்படி அழைத்தார், இரவில் யார் கதை சொன்னார், ஊடலும் சமாதானமும் எந்தச் சொற்களில் நடந்தன என்பன அப்பட்டியலில் இல்லை. பட்டியலின் பிற மொழிகளெல்லாம் அவருக்குப் பயன்பட்டவை. அந்த ஒரு மொழியில்தான் அவர் வாழ்ந்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நிலையும் இதுவே. 2011 கணக்கின்படி மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்பு தரும் விளக்கம் வியப்பூட்டுவது: ஒருவரிடம் அவர் குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. அதாவது, ஒரு தாய் தன் குழந்தையிடம் வாய் திறந்த பொழுதைத்தான் அரசின் ஆவணமும் அடிப்படையாகக் கொள்கிறது. ஆனால் தாய் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் குழந்தையிடம் பேசிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அவ்விளக்கத்தில் இடமில்லை.

வீட்டின் இச்சிறு ஆறுதல்கள் எல்லாத் தமிழருக்கும் ஒரே வகையில் வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1896இல் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர்–மாட்டுங்காத் திட்டத்தில் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் அமைந்தன. படித்து அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர், அவர்களுள் பெரும்பாலும் பிராமணர், அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் இராமநாயக்கின் உடுப்பி உணவகம் எனச் சாப்பாட்டு இடங்கள் வந்தன. ஊரை விட்டு வந்த தமிழ் இளைஞனின் நாவுக்கு ஆறுதல் தந்த சமையற்காரர் கன்னடமோ கொங்கணியோ பேசுபவராக இருந்தார் என்பது இனிய முரண். மாட்டுங்காவில் இடம் போதாமற் போனபோது குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. அங்கும் கோயில், கச்சேரி, காப்பித்தூள் கடை ஆகியன கூடவே வந்தன. சேடா நகர் முருகன் கோயிலின் படிக்கட்டுகளில் இன்றும் தாத்தாவின் கையைப் பிடித்து ஏறும் குழந்தைகளைக் காணலாம். இங்கெல்லாம் ஆறுதலுக்கு நிறுவனத்தின் துணை இருந்தது. வீடு மாறினாலும் சங்கம் இருந்தது. தெரு மாறினாலும் சபா இருந்தது.

தாராவிக்கு அத்தகைய துணை குறைவு. அங்குள்ள பெரிய மசூதி 1887இல் எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த தோல் பதனிடும் முஸ்லிம்களின் வரலாறு அவ்வட்டாரத்தோடு பிணைந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் நாடாரும் பிறரும் பஞ்சத்தையும் சாதியையும் பின்னே விட்டு வந்தனர். நகரம் ஒதுக்கிய சதுப்பு நிலத்தைத் தம் கையாலேயே மேடாக்கினர். அவர்களுக்கு வகுத்துத் தரப்பட்ட தெரு கிடையாது. பக்கத்து வீடும், பொதுக்குழாயும், வாசற்படியுமே அவர்களின் நிறுவனங்கள். விடியுமுன் இட்லிப் பானையிலிருந்து ஆவி கிளம்பும். சற்று நேரத்தில் மிதிவண்டிகள் நகரமெங்கும் புறப்படும். பொங்கலன்று 90 அடிச் சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டுவர். வீட்டுக்குள் முற்றம் இல்லாதவர்கள் ஒரு நாள் மட்டும் நெடுஞ்சாலையையே முற்றமாக்கிக்கொள்கின்றனர். பொங்கி வழியும் பானையைப் படமெடுக்க வருவோர் பலர். அப்பானைக்குப் பக்கத்தில் ‘மைனி, வெல்லம் இருக்கா?’ என்று எழும் குரலைக் குறித்துக்கொள்வோர் சிலரே.

அந்தச் சொல்லில் சற்று நின்று பார்க்கலாம். மதினி என்பதன் நெல்லை வழக்கு மைனி. அண்ணன் மனைவி கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரைதான் அச்சொல் வாழும். தாயின் தங்கை சித்தி, தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை என்று பிரித்தறியும் உறவுமுறையை மானிடவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர்; தாமஸ் டிரவுட்மன் 1981இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் ஒரு குழந்தை அம்முறையை நூலில் கற்பதில்லை. எதிர்வீட்டுக்குச் சர்க்கரை வாங்கப் போகும்போது ‘அத்தைகிட்ட கேளு’ என்ற ஏவலில் கற்கிறது. அத்தையின் வீடு பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போகுமானால், அவர் ஆண்டுக்கு இருமுறை வரும் ‘ஆன்ட்டி’ ஆகிவிடுவார். சொல் அகராதியில் பத்திரமாக இருக்கும்.

இப்போது அந்தத் தொலைவைத்தான் ஒரு திட்டம் தீர்மானிக்கப் போகிறது. தாராவி மறுசீரமைப்புப் பேச்சு 2004 முதல் நடந்துவருகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் தேர்வு பெற்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. அரசு அறிவித்த விதிகளின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளத்தினருக்குத் தாராவிக்கு வெளியே 2.5 இலட்சம் ரூபாய்க்கு வீடு. மேல்தளத்தில் வசிப்போருக்கும் வெளியேதான். வாடகை அடிப்படையில், பின்னர் வாங்கிக்கொள்ளும் வாய்ப்போடு.

மேல்தளம் என்று ஆவணம் சொல்வது பல வீடுகளில் ஓர் இரும்பு ஏணியின் மறுமுனை. கீழே தாயும் தந்தையும். மேலே மணமான மகனும் மருமகளும் குழந்தையும். சமையல் சில வீடுகளில் ஒன்று, சில வீடுகளில் இரண்டு. ஆனால் குழம்பு ஏணி ஏறும். காய்ச்சல் வந்த குழந்தை ஏணி இறங்கும். இரவுப் பணி முடித்து வரும் மகனுக்குக் கீழே மூடிவைத்த சோறு இருக்கும். ஆவணத்தின் கண்ணில் இவை தனித்தனி உரிமை கொண்ட இரு குடித்தனங்கள். ஒன்று தாராவியில் தங்கும், மற்றொன்று வேறு புறநகருக்குப் போகும். ‘எம்மா’ என்னும் அழைப்பு அந்நாள் முதல் கைப்பேசி வழியே போய்ச் சேரலாம். ஆனால் கைப்பேசியில் யாரும் தலைவாரிவிட முடியாது.

மொழி மீட்பு பற்றி ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில் எட்டுப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். அதில் ஆறாம் படியே உயிர்நாடி என்றார்: தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மொழி இயல்பாகக் கைமாறும் நிலை. பள்ளியும் ஊடகமும் அதற்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. வீட்டோடு அக்கம்பக்கத்தையும் அவர் சேர்த்துச் சொன்னதுதான் இங்கு முக்கியம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ் அவற்றுள் ஒன்று. அது பாராட்டுக்குரியது. ஆயினும் பாட்டி இல்லாத வீட்டுக்குத் திரும்பும் குழந்தைக்குத் தமிழ்ப் பாடநூல் இன்னொரு பாடமாகவே இருக்கும்.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழும். இரண்டுமே நேர்மையானவை.

முதலாவது, இது வறுமையை அழகுபடுத்துகிறது என்பது. பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய்ச் சந்தின் மாயத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை. 350 சதுர அடியில் பாதிகூட இல்லாத அறையில் மூன்று தலைமுறை உறங்குகிறது. தனிக் கழிப்பறையும் குழாய்நீரும் சன்னலும் எவரும் விரும்பத்தக்கவை; அவற்றை மறுக்கும் உரிமை அவ்வசதிகளோடு வாழ்ந்து எழுதுவோர்க்கு இல்லை. ஆனால் கழிப்பறையா, அக்கம்பக்கமா என்ற கேள்வியே தவறானது. செம்பூரை ஒட்டிய மாகுலில் அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. சுவரும் கூரையும் குழாயும் இருந்தன. சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றுக்கு அஞ்சி அங்கு மறுகுடியேற்றப்பட்டோர் வெளியேறப் போராடினர். 2019இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாறு கூற நேர்ந்தது. வீடு என்பது எங்கே, யாருக்கு அருகில் என்பதையும் சேர்த்துத்தான் வீடு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. அந்த ஆறுதலைச் சமைப்பது யார்? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். மும்பையில் வாழும் அம்பை, தமிழில் சமையலறையைப் பற்றி எழுதியபோது அதன் மணத்தை மட்டும் எழுதவில்லை. அதன் மூலையையும் எழுதினார். மூடிவைத்த சோற்றை மாயம் என்று மட்டும் சொன்னால் மூடிவைத்த கை மறைந்துபோகும். எனவே அதை உழைப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டியின் பகற்பொழுது ஒரு குழந்தைக் காப்பகத்தின் பணி. மருமகள் வேலைக்குப் போக முடிவது அதனால்தான். ஏணியை எடுத்துவிட்டால் முதலில் வேலையை விடப்போவது மகன் அல்லன், மருமகளே. அருகாமையைக் காப்பது பெண்ணை அடுப்படியில் கட்டிவைப்பதாகாது. அவள் மேல் விழும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ள ஆள் இருக்கச் செய்வதாகும்.

ஆகவே கோரிக்கை மிகச் சிறியது. கணக்கெடுப்புப் படிவத்தில் சதுர அடியோடும் ஆண்டோடும் இன்னொரு கேள்வி சேரட்டும்: இவ்வீட்டின் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் யார், அவர் எங்கே வசிக்கிறார்? அதற்கான விடை வீடு ஒதுக்கும்போது எடைபெறட்டும். ஏணியால் இணைந்த இரு குடித்தனங்கள் ஒரே கட்டடத்தில், இயலாவிடில் ஒரே வட்டாரத்தில் அமையட்டும். மாடிக் கட்டடத்தின் நடைவழி இருவர் நாற்காலி போட்டு அமரும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும்.

ஆய்வு மாணவர்க்கும் இதில் வேலை உண்டு. மும்பைத் தமிழைப் பற்றி ஆய்வேடு எழுத வருவோர் கலப்புச் சொற்களைப் பட்டியலிட்டுத் திரும்புவது வழக்கம். கலப்பு எங்கும் கிடைக்கும். யார் யாரை என்ன சொல்லி அழைக்கிறார், எத்தனை அடி தொலைவிலிருந்து அழைக்கிறார், எந்த மொழியில் விடை வருகிறது என்பது இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் அச்சந்துகளில் கிடைக்கும். பழந்தமிழ் அகத்திணை மரபு காதலரின் பெயரைச் சுட்டுவதில்லை. அவ்வொழுங்கைக் கடைப்பிடித்து, எவர் பெயரையும் வெளியிடாமலே அதைப் பதிவுசெய்யலாம்.

விளக்கேற்றும் நேரத்தில் ஏணியின் கீழே நின்று பாட்டி மறுபடியும் கூப்பிடுவார். மேலிருந்து இந்தியில் ஒரு விடை வரும். பின் படிகளில் சிறு கால்களின் ஓசை இறங்கி வரும். தட்டில் சோறு விழும். எந்த மாநாட்டுத் தீர்மானமும் இல்லாமல், அன்றைய நாளுக்கான தமிழ் கைமாறியிருக்கும்.