கப்பலின் மின்பணியாளர்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழைவோர், வாயிலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னேற்றத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். சிவகாசி வட்டாரத்தில் இதனைச் சிறுவரும் அறிவர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததை மறந்தவர் இங்கு எவர்? இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் போர்க்கப்பலின் மின்பணி இன்னதென்று எளிதில் விளங்கும். அங்கும் வெடிமருந்து அறை உண்டு. சூழ்ந்திருப்பவையோ இரும்பும் உப்புநீரும்.

வீட்டில் மின்கம்பி மண்ணோடு தொடர்புற்றால் ஃபியூஸ் போய் விளக்கு அணையும். போர்க்கப்பலில் அவ்வாறு அணையலாகாது. ராடாரும் பீரங்கியும் மின்சாரத்தையே நம்பியுள்ளன. ஆதலால் அங்கே எந்த மின்வழியையும் கப்பலின் உடலோடு இணைப்பதில்லை. ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் மின்சாரம் நில்லாது ஓடும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வேறொரு மின்வழியிலும் கசிவு நேருமாயின் ஷார்ட் சர்க்யூட்தான். முதற்கசிவை உணர்த்த மின்பலகையில் மூன்று விளக்குகளை வைப்பது பழைய முறை. ஒன்று மங்கி மற்ற இரண்டும் பிரகாசித்தால், மின்பணியாளர் ஒவ்வொரு கிளையாகத் துண்டித்துப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிப்பார். இரவென்றும் பகலென்றும் இதற்கு இல்லை. 2014 பிப்ரவரியில் ‘சிந்துரத்னா’ நீர்மூழ்கியில் கேபிள்கள் பற்றியெரிந்த புகை, அதிகாரிகள் இருவரின் உயிரைப் பறித்தது.

இக்கலையைக் கற்பிக்கும் கடற்படைப் பள்ளி, குஜராத்தின் ஜாம்நகரில் 1942இல் தோன்றிய ‘வல்சுரா’. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் நம் மீனவர் கூறும் வாள்சுறாதான் என் நினைவுக்கு வருகிறது.

தாய்மார்களின் கவலை வேறு. தொழுகை என்னாவது? கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என்று அண்ணலாரிடமே (ஸல்) கேட்கப்பட்டு, அது தூய்மையானது என விடையும் கிடைத்திருக்கிறது. கப்பல் ஆட்டத்தில் நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். கிப்லாவை இயன்றவரை முன்னோக்க வேண்டும். உணவில் ஐயமுள்ள இறைச்சியை விலக்கி மரக்கறியோடு நிற்பது பிள்ளையின் உறுதியைப் பொறுத்தது. கடற்படை நமக்கு அந்நியம் என்போர், மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்று ‘குஞ்சாலி’ மரைக்காயரின் பெயரைத் தாங்கியிருப்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

எனினும் ஒன்றை மறைத்தல் கூடாது. 2022இல் வந்த அக்னிபாத் திட்டப்படி பணி 4 ஆண்டுகளே. அதன்பின் நிலைபெறுவோர் 25 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. எஞ்சியோர் ஒரு தொகையோடும் கைத்தொழிலோடும் வீடு திரும்புவர். வளைகுடாவுக்கு வயரிங் வேலைக்கு அனுப்ப வீட்டை அடகு வைக்கும் பெற்றோர், இவ்விரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யட்டும்.

இப்பிரிவை நாடும் பிள்ளை, மேனிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் பயின்றிருத்தல் நலம். பத்தாம் வகுப்புத் தகுதியில் சேர்வோருக்குப் பெரும்பாலும் சமையல், பரிமாறல், துப்புரவுப் பணிகளே. ஆகவே இதுபற்றிய பேச்சு, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று விண்ணப்பம் நிரப்பும் நாளுக்கு முன்பே வீட்டில் நடந்தாக வேண்டும்.