பழைய கட்டுரைகளுக்குப் பூட்டு இல்லை

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக நூலக அட்டை இல்லாதவர் பழைய ஆய்விதழ்களைப் படிக்க வழியே இல்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் நொந்துகொண்டிருந்தார். நிலைமை அவ்வளவு மோசமில்லை. 1872-இல் பம்பாயில் தொடங்கிய 'இந்தியன் ஆன்டிகுவரி'யைக் கல்வெட்டு ஆர்வலர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதன் பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கட்டுரைத் தலைப்பைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. இதழின் பெயர், ஆண்டு, தொகுதி எண் என்று தேட வேண்டும். முழுத் தொகுதியும் ஒரே கோப்பாக இருக்கும். அடிக்குறிப்பில் கண்ட பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். (ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலும் சில பக்கங்களில் தரிசனம் தரும்!)

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான ஜேஸ்டோர் இணையதளத்தில், அமெரிக்காவில் 1923-க்கு முன்பும் பிற நாடுகளில் 1870-க்கு முன்பும் வெளியான கட்டுரைகள் 2011 முதல் எல்லோருக்கும் இலவசம். அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் பலவற்றை, இலவசக் கணக்கு தொடங்கினால், மாதம் 100 வரை திரையில் படிக்கலாம், பதிவிறக்க முடியாது. ஈழத்து இதழ்களுக்கு 'நூலகம்' தளம் இருக்கிறது.

1970, 80-களில் வந்தவைதான் உண்மையான தலைவலி. பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. எழுதியவர் இருந்தால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தம் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்றால் எந்தப் பேராசிரியருக்குத்தான் கசக்கும்?

– ஒரு வாசகர், கும்பகோணம்