பயப்படுவது ஈமானின் குறையா?

 

ராசிபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். கடந்த ரமலானுக்குப் பிறகு எனக்கு மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியது. மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கி விழுங்கியபடியே மூன்று மாதங்களைக் கடத்தினேன். எடை குறைந்து, ஜுப்பா தோளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் சேலத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். "எண்டோஸ்கோபி செஞ்சு பார்த்துடலாம் பாய்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தவன், அதற்குப் பின் ஆறு வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

பணம் ஒரு காரணமாக இருக்கவில்லை. பயம்தான். தொண்டைக்குள் குழாய் இறங்கும் என்ற எண்ணம் நள்ளிரவில் என்னை எழுப்பிவிடும். அதைவிடப் பெரிய பயம், அந்தக் குழாய் உள்ளே எதைக் கண்டுவிடுமோ என்பது. ஒருநாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நான் மதிக்கும் ஹாஜியார் ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொன்னேன். "என்ன ஹஜ்ரத், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? ஈமான் உள்ளவனுக்கு என்ன பயம்?" என்று சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அதே சொல்லை நானும் எத்தனையோ நோயாளிகளின் கட்டிலருகே நின்று சொல்லியிருக்கிறேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். இப்போது யோசித்தால், அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு பரிசோதனையையும் தள்ளிப்போட்டார்களோ என்று அச்சமாக இருக்கிறது. இந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. அது மார்க்கத்தின் பார்வையிலும் சரியான சொல் அல்ல.

குர்ஆனைத் திறந்து பாருங்கள். சூனியக்காரர்கள் கயிறுகளை எறிந்தபோது மூஸா (அலை) அவர்கள் தம் உள்ளத்தில் அச்சம் கொண்டதை ஸூரா தாஹா மறைக்காமல் சொல்கிறது. அல்லாஹ் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, தைரியமூட்டினான். யஃகூப் (அலை) அவர்கள் துக்கத்தால் கண் வெளுத்துப்போனார்கள். நம் நபி (ஸல்) அவர்களே கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். கவலை என்பது இறைநம்பிக்கையாளருக்கு வரவே வராது என்றால் அந்த துஆவை நமக்கு ஏன் கற்றுத்தர வேண்டும்?

என்னை மிகவும் தொட்டது மூஸா (அலை) அவர்களின் தாயாரின் நிலை. குழந்தையை ஆற்றில் விட்ட பிறகு அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனதையும், உண்மையை வெளியே சொல்லிவிடும் நிலைக்கு அவர் வந்ததையும், அல்லாஹ் அவர் உள்ளத்தை உறுதிப்படுத்தியதையும் ஸூரா கஸஸ் எடுத்துரைக்கிறது. அந்த நிலையிலும் அவர் சும்மா அமர்ந்திருக்கவில்லை. பேழையைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும்படி மகளை அனுப்பினார். உள்ளம் பதறிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்தார். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்தியவன், என் வயிற்றுக்கு வந்தபோது மறந்துவிட்டேன்.

நினைவூட்டியவர் என் மனைவி. "ஏங்க, ஒட்டகத்தைக் கட்டிட்டு அல்லாஹ் மேல பொறுப்பைப் போடுன்னு வாரா வாரம் பிள்ளைங்களுக்குச் சொல்றீங்க. உங்க ஒட்டகம் மட்டும் அவுத்துவிட்டபடி நிக்குதே?" என்றார். திர்மிதீயில் பதிவான அந்த ஹதீஸை எனக்கே ஓதிக்காட்டிவிட்டாரே என்று சிரிப்பு வந்தது. மறுநாளே தேதி வாங்கினோம்.

பயத்தின் பாதி, என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. ஆகவே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குழாய் சுண்டுவிரல் பருமன் அளவுதான். நினைத்த திசையில் வளையக்கூடியது. 1868இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்க்க முயன்றபோது அதை ஏற்றுக்கொள்ள வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் கண்ணாடி இழைகளாலான வளையும் குழாயை முதலில் தம் தொண்டையிலேயே இறக்கிப் பார்த்தார். அந்த வரிசையில் பிந்தி வந்த நாம் வாள் விழுங்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

முந்தைய இரவுக்குப் பிறகு உணவில்லை. காலையில் என் தாயார் யாஸீன் ஓதி ஊதிய தண்ணீரை நீட்டினார்கள். மருத்துவமனையில் சொன்ன நேரம் கடந்துவிட்டால் அதையும் குடிக்கக் கூடாது, ஸம்ஸமும் கூடாது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அம்மாவின் மனம் நோகாமல் புட்டியில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு குடித்தேன். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்குபவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் விழுங்குவதும் தவறு.

பேருந்து மல்லூர் தாண்டும்வரை நான் பேசவில்லை. உடன் வந்த மைத்துனரும் பேச வற்புறுத்தவில்லை. அது பெரிய உதவியாக இருந்தது. உள்ளே போனதும் செவிலியரிடம், "எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் என் கையை விடவில்லை. தொண்டையில் மருந்தைத் தெளித்தார்கள். கசந்தது, பிறகு மரத்துப்போனது. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்தார்கள். "மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க பாய், எச்சிலை முழுங்காதீங்க, வழியட்டும்" என்றார் செவிலியர். குழாய் போவது உணவுக்குழாயில்தான். மூச்சுக்குழாய் திறந்தே இருக்கிறது. குமட்டல் இரண்டு மூன்று முறை வந்தது, கண்ணில் நீர் வழிந்தது. காற்றைச் செலுத்துவதால் ஏப்பமும் வரும்; அதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் மனதில் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன், நடுவில் தடம் மாறிப்போய் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது முறை முடிப்பதற்குள் குழாயை எடுத்துவிட்டார்கள்.

தாங்க முடியாது என்று நினைப்பவர்கள் மயக்க ஊசி உண்டா என்று கேட்கலாம். கேட்பதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டால் ஒரு நாள் முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது. நாமக்கல் லாரி ஓட்டுநர் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்பகலில் லோடு ஏற்றிவிட்டேன் என்று புறப்பட்டுவிடாதீர்கள்.

சில சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். மயக்க ஊசியில் நினைவு தப்பினால் உளூ முறியும். தெளிந்ததும் உளூச் செய்து தொழ வேண்டும், நேரம் தவறியிருந்தால் களாச் செய்ய வேண்டும். தொண்டையில் தெளிக்கும் மருந்தால் மட்டும் உளூ முறியாது. நோன்பைப் பொறுத்தவரை, 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, திரவமோ வேறு பொருளோ உள்ளே செலுத்தப்படாத எண்டோஸ்கோபி நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. நம் ஹனஃபி மத்ஹபிலும் ஒரு முனை வெளியே இருக்கும் உலர்ந்த பொருளின் நிலை அதுவே. ஆனால் நடைமுறையில் தெளிப்பு மருந்தும், குழாயில் தடவும் களிம்பும், உள்ளே கழுவும் தண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே நோன்பைக் களாச் செய்வதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னால் ரமலானுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் ரமலானைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான்.

நம் பெண்கள் தள்ளிப்போடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆண் மருத்துவர், அந்நியர்கள் உள்ள அறை. வயிற்று எண்டோஸ்கோபிக்கு உடையைக் களைய வேண்டியதில்லை. முகம் மட்டும் திறந்திருந்தால் போதும். ஊசிகள் இல்லாத மக்கனாவை அணிந்து போகலாம். பெண் மருத்துவர் இருந்தால் அவரையே கேளுங்கள். இல்லாவிட்டால் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தேவையின்போது ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. மனைவி சொல்லத் தயங்கும்போது கணவர்தான் இதைக் கேட்டுப் பெற வேண்டும். பல வீடுகளில் கணவருக்கு மனைவியின் வயிற்றெரிச்சலே தெரியாது என்பது வேறு கதை.

எனக்குக் குழாயைவிடக் கடினமாக இருந்தது அதற்குப் பின் வந்த வாரம். சிறு துணுக்கு ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். 'பயாப்ஸி' என்ற சொல்லைக் கேட்டதுமே என் மனம் கஃபன் துணிவரை போய்விட்டது. உண்மையில் பெரும்பாலும் ஒரு கிருமியைத் தேடுவதற்காகவும் அப்படி எடுக்கிறார்கள். காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று உலகமே நம்பியிருந்தபோது, பேரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி வந்ததை எண்டோஸ்கோபியிலேயே காட்டினார்; 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். மூட்டுவலிக்கு நாம் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கும் வலி மாத்திரைகள் புண்ணுக்கு இன்னொரு முக்கியக் காரணம்.

அந்த வாரத்தில் பகலில் மதரஸா இருந்தது; இரவுகள்தான் நீண்டன. மனைவியை எழுப்பி, "பயமா இருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அவர் தீர்வு எதுவும் சொல்லமாட்டார். எழுந்து அமர்ந்திருப்பார், சில நேரம் இருவரும் இரண்டு ரக்அத் தொழுவோம், சில நேரம் சும்மா இருப்போம். முடிவில் வந்தது அந்தக் கிருமிதான். பதினான்கு நாள் மருந்து. வாய் உலோகம் போல் கசந்தது, பாதியில் நிறுத்தத் தோன்றியது, நிறுத்தவில்லை.

தொண்டை வலி ஓரிரு நாள் இருக்கும், வயிறும் சிறிது உப்பும். கடுமையான நெஞ்சுவலி அல்லது வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், இரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள். எண்டோஸ்கோபி செய்யாதவர்களுக்கும் கறுத்த மலம், விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை கேஸ் மாத்திரையால் மூடிவைக்கக் கூடாத அடையாளங்கள். சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லுக்கும் 2022இல் வந்துவிட்டது. தூரம் என்ற சாக்கும் இப்போது முன்போல் செல்லாது.

சென்ற வாரம் அதே ஹாஜியார் மக்ரிபுக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், அந்தக் குழாய் விஷயம்... உள்ள போகும்போது எப்படி இருக்கும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆறு மாதமாகச் சோறு நெஞ்சில் நிற்கிறதாம். வீட்டில் யாருக்கும் தெரியாதாம். எல்லாவற்றையும் சொன்னேன், குமட்டலையும் மறைக்கவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை அவருக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். மதரஸாவுக்கு அன்று விடுப்புச் சொல்லிவிட்டேன். ஃபஜ்ர் தொழுததும் முதல் பேருந்தில் இருவரும் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். அவருக்காக துஆச் செய்யுங்கள்.