இடது கைக்கு எழுதிய இசை

உலகப் பக்கவாத தினத்தையொட்டி வந்த விழிப்புணர்வுக் கட்டுரைகளை இந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். வாய் கோணினால், கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் போனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பலருக்குப் பலன் தரும். எல்லாம் அவசியமான செய்திதான். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவரின் சிந்தனை என்ன ஆகிறது என்று ஒரு வரி இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

மூளையில் ரத்தம் நின்ற இடத்தில் நரம்பணுக்கள் பட்டினியால் மட்டும் சாவதில்லை. அணுவுக்கு அணு சேதி சொல்லும் குளூட்டமேட் என்ற ரசாயனம் அளவில்லாமல் கொட்டுகிறது. அதனால் கால்சியம் உள்ளே பாய்ந்து அணுவையே அழிக்கிறது. இந்தச் சேதத்தால், கை கால் தேறிய பிறகும் கவனம் நிற்காது, கணக்கு தடுமாறும், ஒரு வேலையைத் தொடங்கவே மனம் எழாது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டிலோ, "முன்ன மாதிரி இல்ல, பிடிவாதம் பிடிக்கிறாரு" என்கிறார்கள்.

பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று முடிவுகட்டுவது இதைவிடக் கொடுமை. பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் இருப்பவரை விட்டுவிட்டு மனைவியிடம், "சார் சாப்பிடறாரா?" என்று கேட்கிறார்கள். இதன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

அந்தக் கோபம் வரும்போதெல்லாம் நான் தேடிப் போவது ஸ்வீடன் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமரிடம். தொழிலால் உளவியலாளர். 1990-ல், 59 வயதில், பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. மிஞ்சியவை சில சொற்கள். மனைவி மோனிக்கா அவற்றையும் அவர் முகக்குறிப்பையும் வைத்து மற்றவர்களுக்கு விளக்குவார். ஆனால் பியானோவை அவர் விடவில்லை. இடது கைக்கு மட்டுமான இசையைத் தேடி வாசித்தார். ஸ்வீடன் இசையமைப்பாளர்கள் அவருக்கென்றே அப்படி எழுதியும் கொடுத்தார்கள். என்ன அருமையான மனிதர்கள்! 1996-ல் ஒரு தொகுப்பு வந்தது, 2004-ல் இன்னொன்று. 2011-ல் நோபல் பரிசு.

2004 தொகுப்பில் பெரும்பகுதி ஹைக்கூ. நோய்தான் அவரைச் சுருக்கமாக எழுதவைத்தது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. இளம் குற்றவாளிகளின் சிறை ஒன்றைப் பற்றி 1959-லேயே ஹைக்கூ எழுதியவர் அவர். வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல முடியாதவர், எந்தச் சொல் நிற்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று அதே கறாரோடு முடிவெடுத்திருக்கிறார்.