உயிரைப் பறிக்கும் உரிமை யாருக்கு?



அண்மையில் ஒரு நாள் மாலைச் செபம் முடிந்து வெளியே வந்தபோது, மகனைக் கொலையில் பறிகொடுத்த தாய் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “சாமி, கொலை செய்தவனுக்குத் தூக்கு கூடாதுன்னு திருச்சபை சொல்லுதாமே. அப்போ எனக்க பிள்ளைக்க உயிருக்கு என்ன விலை?” உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டிய விடையையே இம்மாதம் எழுத முற்படுகிறோம்.

தக்கலையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துப் பொருளன்று. பத்மநாபபுரம் அரண்மனை நம் கண்முன் நிற்கிறது. அந்த அரண்மனையில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்டபிள்ளை, தளபதி டிலனாய் வழியாக இயேசுநாதரை அறிந்து, 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மன்னர் மார்த்தாண்டவர்மரின் ஆட்சியில் சிறைப்பட்டு, 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று அரசு சாவுக்குரியவர் எனத் தள்ளியவருக்கே இன்று நாம் திருவிழாக் கொண்டாடுகிறோம். அரசின் தீர்ப்பும் தவறக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? தவறாகச் சிறையில் அடைத்தவரை விடுவிக்கலாம். தவறாகக் கொன்றவரை எழுப்ப எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை.

வியப்பு என்னவெனில், அதே அரச மரபில் வந்த சித்திரைத் திருநாள் மன்னரின் காலத்தில், 1944ஆம் ஆண்டு, திருவிதாங்கூர் அரசு மரண தண்டனையை நீக்கியது. விடுதலைக்குப் பின் இந்தியாவின் பொதுச் சட்டம் இங்கும் பரவியபோது அத்தண்டனை திரும்பி வந்தது. தூக்கு இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரை திருவிதாங்கூரில் நிகழ்ந்த கொலைகள் 962. தூக்கு மீண்ட பின் 1955 வரை நிகழ்ந்தவை 967. கயிறு வந்ததால் கொலை குறைந்துவிடவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் இத்தண்டனை இன்றும் உள்ளது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே விதிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980இல் வரம்பு கட்டியது. பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிரான போரும் தவிர, மற்றவற்றுக்கு இத்தண்டனையை நீக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. உலக நாடுகளோ 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில், வாழும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என அறிவித்தன. மரண தண்டனைகளை நிறுத்திவைக்குமாறு 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டுக்கொண்டது. இந்தியா அதை எதிர்த்து வாக்களித்தது.

திருச்சபையும் ஒரே நாளில் இத்தெளிவை எய்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். வத்திக்கான் நகரின் சட்டத்திலேயே 1969 வரை மரண தண்டனை இருந்தது. இரண்டாம் ஜான் பால் 1995இல், இதற்குத் தேவை ஏற்படும் நிலை மிக அரிது, இல்லையென்றே சொல்லலாம் எனக் கற்பித்தார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தி, இத்தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என அறிவித்தார். எத்துணைக் கொடிய குற்றம் செய்தவனும் மனிதன் என்னும் மாண்பை இழப்பதில்லை என்பதே காரணம். காயீனையும் எவரும் கொல்லாதபடி இறைவன் அடையாளமிட்டுக் காத்தார் அன்றோ?

இனி அந்தத் தாய்க்கு நம் விடை: அம்மா, உங்கள் மகனின் உயிர் விலைமதிப்பற்றது, ஆகவேதான் இன்னோர் உயிர் அதற்கு விலையாக முடியாது. கொன்றவன் விசாரிக்கப்படவேண்டும், தண்டிக்கப்படவேண்டும், பிறருக்குத் தீங்கு செய்யாதபடி அடைத்துவைக்கப்படவேண்டும். இரக்கம் என்பது குற்றத்தை மறைப்பதன்று. மன்னித்துவிடுங்கள் என்று உங்களை அவசரப்படுத்தவும் நமக்கு உரிமையில்லை. அது இறைவன் அருளால், உரிய காலத்தில் வரவேண்டியது.

ஆனால் பங்கு மக்களாகிய நம்மிடமும் ஒரு கேள்வி உண்டு. அடக்கச் சடங்கு முடிந்த பின் அந்த வீட்டு வாசலை நம்மில் எத்தனைபேர் மிதித்தோம்? துயருற்றோரைத் தனியே விட்டுவிட்டு, தூக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நம் சொல்லை யார் நம்புவார்? இந்த வாரமே அத்தகைய வீடொன்றுக்குச் செல்வோம். இரவுச் செபமாலையில் கொல்லப்பட்டவருக்காகவும், கொன்று சிறையில் இருப்பவனுக்காகவும், இருவரையும் பெற்ற தாய்மாருக்காகவும் ஒரு பத்து மணி சொல்வோம்.