காலனி வீட்டுக் கூரைக்கும் சூரியன் வரட்டும்

1 கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு என்ற இலக்கோடு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கியது பி.எம். சூர்யா கர் திட்டம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். தகடு பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் போடும் பணத்துக்குப் பிணையில்லாத வங்கிக் கடன் உண்டு.

நல்ல திட்டம்தான். ஆனால் சொந்த வீடும், உறுதியான கூரையும், மின் இணைப்பும் வேண்டும். நம்மில் பலருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீட்டின் தளம் தகட்டைத் தாங்குமா?

பழுதான தொகுப்பு வீடுகளைப் புதுப்பிக்கும்போதே மின்தகட்டையும் அரசு சேர்த்துப் பொருத்த வேண்டும். இது புதிய யோசனை அல்ல. 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டோடு சூரிய விளக்குகளும் தரப்பட்டன. கடனில் பயனாளி செலுத்தவேண்டிய பங்கைத் தாட்கோ ஏற்க வேண்டும்.

நாமும் கணக்குப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டுக்கு இந்தக் கடன் வீண் சுமை. அதற்கு மேல் போகிறவர்கள் மின் கட்டணத்தையும் கடன் தவணையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை: இந்த வாரமே தெருவில் உள்ளவர்களின் பட்டா, மின் இணைப்புப் பெயர் மாற்ற விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். காகிதம் சரியாக இருந்தால்தான் வங்கிப் படியேறிக் கேட்க முடியும்.