நேரில் கற்பதும் இணையத்தில் கற்பதும்

சர்வகலாசாலைப் படிப்பு இக்காலத்தில் மூன்று விதமாய் நடந்து வருகின்றது. உபாத்தியாயரும் மாணாக்கரும் ஒரே வகுப்பறையில் கூடிப் படிப்பது நேர்முறை. இணையத்தின் மூலமாகவே பாடம் நடப்பது இணையவழி முறை. புத்தகங்களை அனுப்பி, இடையிடையே சில நாட்கள் மாத்திரம் நேரில் கூட்டிப் பாடம் சொல்லுவது தொலைநிலை முறை. இவற்றுள் எது உயர்வு, எது தாழ்வு என்று அநேகர் வாதாடுகிறார்கள். நாம் கேட்பதோ வேறு. தான் சேரும் படிப்பு எந்த முறையிலானது, அம்முறைக்கு அனுமதி உண்டா என்பவைகளைப் பணம் கட்டுமுன் மாணாக்கனுக்கு உள்ளபடி சொல்லுகிறார்களா?

இதை வெறும் பெயர்ச் சண்டையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றிருந்த சில ஸ்தாபனங்கள், 2001 முதற்கொண்டு, தக்க அனுமதியில்லாமலே தொலைநிலை முறையில் என்ஜினீயரிங் படிப்பு நடத்தின. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன செய்தது? 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்தி வைத்து, மறுபடியும் பரீட்சை எழுதித் தேறச் சொல்லிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்தே செய்துவிட்டது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படியும் உத்தரவிட்டது. பணம் திரும்பலாம், போன வயது திரும்புமா என்று கேட்கிறோம்.

நிற்க, இணையத்தில் கற்றவனெல்லாம் மட்டமென்று பேசுவதும் சுத்த மூடத்தனமேயாகும். அங்கீகாரம் பெற்ற சர்வகலாசாலை தொலைநிலையிலோ இணையவழியிலோ அளிக்கும் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்குச் சமமென்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாய் அறிவித்திருக்கின்றது. பகலெல்லாம் கடையில் நிற்கிறவனுக்கும், கைக்குழந்தையோடு வீட்டிலிருக்கிற பெண்ணுக்கும் இதைவிட்டால் வேறு வழி ஏது? ஆனால் வைத்தியம், நர்ஸ் தொழில் போன்றவைகளை இவ்விதம் கற்பிக்க விதி இடந்தரவில்லை. அது நியாயந்தான். நோயாளியைத் தொட்டுப் பழக வேண்டிய கைக்குத் திரை போதாது.

ஆகவே, பிள்ளைகளைச் சேர்க்கப் போகும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கட்டிடத்தின் உயரத்தையும் விளம்பரத்தின் பளபளப்பையும் கண்டு மயங்காதீர்கள். முறை என்ன? நேரில் எத்தனை மணி, திரையில் எத்தனை மணி? பரீட்சை எங்கே? அனுமதி எந்த வருஷத்துக்கு? இவைகளைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மானியக் குழு வெளியிடும் ஜாபிதாவோடு ஒத்துப் பாருங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள்.